அட்டையின் நிறம்

முப்பத்தொன்றாவது நிமிடம்.
நாலாம் நம்பர்க்காரன் சறுக்கிக்கொண்டு போனான்.
பந்தில் பட்டது முதலா, காலில் பட்டது முதலா,
அதுவே இன்னும் தீரவில்லை.
விழுந்தவன் உள்ளங்கையால் புல்லை அறைந்தான்.
நடுவர் ஓடி வந்தார். ஊதினார்.
கை பைக்குள் போனது.

கரண்டும் போனது.

மோல்மேன் முழுக்க ஒரே பெருமூச்சு,
தெருக்கோடி சலூன்வரை கேட்டது.
மா தண்டாவின் டீக்கடையில் பதினாறு பேர்,
முழங்காலுக்கும் எட்டாத பிளாஸ்டிக் முக்காலிகளில்,
யார் முகமும் யாருக்கும் இல்லாமல்.

"மஞ்சள்தான்," என்று தொடங்கினான் சேவுகன்.
"மேல் பைக்குப் போச்சு கை.
மஞ்சளை நெஞ்சுகிட்ட வச்சிருப்பாங்க."

"மேல் பையைத் தடவினார், எடுக்கல,"
என்றார் பக்கீர் அலி.
"அப்புறம் பின்னாடி போச்சு.
பின் பையில இருக்கிறது சிவப்பு."

"உமக்குக் கண்ணாடி உடைஞ்சு ஒரு வாரம் ஆச்சு பாய்."

"காது உடையலயே.
நீளமா ஊதினார். நீள ஊத்து, சிவப்பு."

விழுந்த அணிமேல் ஆரோக்கியம்
இரண்டாயிரம் சாட் கட்டியிருந்தான்.
ஆகவே அவன் பேசியதெல்லாம் நியாயம் பற்றி:
"ரெண்டு காலும் தரையில இல்ல. ஆணி தெரிஞ்சது.
அவன் வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான்."

சைக்கா ஓட்டும் கோ சோ பர்மியத்தில் சிரித்தார்.
போன வாரம் இதே தப்பு, இதே நடுவர்,
கையைக்கூடத் தூக்கவில்லையாம்.
"அது அவங்க சொந்த மைதானம்ல," என்றது ஒரு குரல்.
"சட்டப் புத்தகம் ஒண்ணுதானே," என்றது இன்னொன்று.
"படிக்கிறவன் ஒருத்தனா?"

நான் பார்க்கவே இல்லை.
அந்த நேரம் குனிந்து
இடது கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
மேலே எழுதியது எல்லாம்
இவர்கள் சொல்லித் தெரிந்ததுதான்.
ஆனாலும் "சிவப்பு" என்றேன்.
இருட்டில் குரல் நன்றாகவே வருகிறது.

"காரணம் சொல்லாம ஒருத்தன் கை நீட்டுறதை
இந்த ஊர்ல நாம பார்த்ததே இல்லையா?"
கேட்டது யார் என்று தெரியவில்லை.
சாலையில் ஒரு லாரி மெதுவாக ஊர்ந்தது,
முன்விளக்கு எங்கள் முழங்கால்களை எண்ணிக்கொண்டு.
யாரும் கிளாஸைத் தூக்கவில்லை.
அது பாலம் தாண்டிய பிறகுதான்
நாலாம் நம்பர் மறுபடி சறுக்கினான்.

இந்த முறை ஆரோக்கியத்தின் உருவில்.
"இப்படித்தான் வந்தான்" என்று எழுந்து
வந்தும் காட்டினான்.
சேவுகன், முக்காலி, மூன்று கிளாஸ்,
ஒரு தட்டு பலகாரம்,
எல்லாம் ஒரே ஓசையில்.

மா தண்டா செல்போன் விளக்கோடு வந்தாள்.
வெளிச்சம் விழுந்தவர்கள்மேல் நின்றது.
"தொடவே இல்ல, அவனா விழுந்தான்," என்றான் ஆரோக்கியம்.
"கணுக்கால்!" என்று கத்தினான் சேவுகன்
முழங்காலைப் பிடித்துக்கொண்டு.
அவள் இடுப்பில் கைவிட்டுக்
கணக்கு நோட்டை எடுத்தாள்.
மூன்று கிளாஸ், முக்காலிக்கு ஒரு கால்,
இருவருக்கும் பாதிப் பாதி.
எதிர்த்துப் பேச ஆளில்லை.
நாளைக் காலையிலும் டீ வேண்டுமே.

"மீ லாப்யீ!"
பிள்ளைகள் தெருவெல்லாம் கத்தினார்கள், கரண்ட் வந்துவிட்டது.
பாதி வோல்டேஜ்.
பழைய பெட்டி இருமியது,
சத்தம் வரவில்லை, படம் மட்டும் வந்தது
நிறமில்லாமல்.

இடைவேளை. ஆட்டக்காரர்களை எண்ணலாம் என்றால்
புல்வெளியில் தண்ணீர்க் குழாய்கள்தான்.
பிறகு காட்டினார்கள், மெதுவாக, மூன்று கோணத்தில்:
சறுக்கல். அறைதல். ஓடி வருதல்.
கை பைக்குள் போகிறது.
கை உயர்கிறது.
பதினாறு கழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்தன.

அட்டை சாம்பல் நிறம்.

"பார்த்தியா? மஞ்சள்," என்றான் சேவுகன்.
"கண்ணாடி இல்லாமலே தெரியுது, சிவப்பு," என்றார் பாய்.
ஆரோக்கியம் எண்ணிக்கொண்டிருந்தான்,
கிளாஸ் பணம் போக எவ்வளவு மிச்சம் என்று.

செருப்பு கிடைத்தது.
என்னுடையது அல்ல.